எழுப்பும் சொல்

லூர்துசாமி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது ஜெசிந்தா அவருடைய ரத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் எடுத்த ரத்தம். வேலை நெருக்கடியில் குளிர்பெட்டியிலேயே தங்கிப்போன குழாய். அவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் நினைவு வந்து எடுத்துச் சோதித்தாள். திரையில் வந்ததை நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினாள். அப்போதும் அதே வெறுமை. சாம்பல் காய்ச்சலை அடையாளம் தெரிந்த செல் ஒன்றுகூட அந்த ரத்தத்தில் இல்லை. கோடை தொடங்கும்போது அதே மனிதரின் ரத்தத்தில் அவை கொட்டிக் கிடந்தன.

போனை வைத்தாள். கை கழுவினாள். உட்கார்ந்தால் நாற்காலி சுடுவதுபோல் இருந்தது. ஜன்னல் வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு தலைமை ஆய்வாளர் செங்குட்டுவனின் அறைக்கு நடந்தாள்.

சாம்பல் காய்ச்சல் தூத்துக்குடிக்குப் புதிதல்ல. கால் நூற்றாண்டுக்கு முன் உப்பளங்களை ஒட்டியிருந்த சங்குமேடு என்ற குடியிருப்புக்கு அது ஒரு தடவை வந்திருக்கிறது. முதலில் நகக்கண் சாம்பல் நிறமாகும், பிறகு மூச்சு முட்டும். சங்குமேட்டில் பாதிப்பேர் செத்தார்கள், பிழைத்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அந்த மேட்டைத் தாண்டி நோய் வராததால் நகரம் அதைச் சீக்கிரமே மறந்துபோனது. இந்த வருஷம் அது நகரத்தின் நடுத்தெருவுக்கே வந்துவிட்டது. மருந்து இல்லை. தடுப்பூசிக்கு மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை காய்ச்சல் கண்டவர்களில் ஒருவர்கூட இன்னும் தேறி எழுந்திருக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒரே வழி, அன்று பிழைத்த சங்குமேட்டுக்காரர்களின் உடம்பு. தேடியதில் இரண்டு பேர்தான் அகப்பட்டார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டிய லூர்துசாமியும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பேச்சித்தாயும்.

அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் வற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அதைச் செய்யத் தெரிந்த பி செல்கள் மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எழுப்பும் மூலக்கூறு ஒன்றை ஜெசிந்தாவின் குழு உண்டாக்கியிருந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஆய்வகத்தில் எல்லாருக்கும் அது ‘எழுப்பி’. அதை ஊசியில் ஏற்றினால் ஒரு வாரத்தில் ரத்தம் எதிர்ப்பொருளால் கனத்துவிடும். அதைப் பிளாஸ்மாவாகப் பிரித்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தாக்குப்பிடித்தார்கள். அந்தச் சந்தோஷம்தான் எல்லாருடைய கண்ணையும் மறைத்தது.

செங்குட்டுவன் பல நாள் மழிக்காத முகத்தோடு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லூர்துசாமி ரத்தத்துல அந்தச் செல் ஒண்ணுகூட மிச்சமில்ல சார்.”

“காய்ச்சல்ல அழிஞ்சிருக்கும்.”

“காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் சார் இது.”

அவர் நிமிர்ந்தார்.

“தூங்குற பி செல் எழும்பணும்னா ரெண்டு விஷயம் நடக்கணும்,” என்றாள் ஜெசிந்தா. அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் காதால் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. “அது எதிரியை நேர்ல பார்க்கணும். பார்த்தப்புறம் பக்கத்துல இருக்கிற உதவி செல், ‘நீ பார்த்தது நெஜம்தான், கிளம்பு’ன்னு ஒரு சொல் சொல்லணும். நாம எதிரியைக் காட்டவே இல்ல. அந்தச் சொல்லை மட்டும் செஞ்சு, பெரிய சத்தமா உள்ள அனுப்பிட்டோம்.”

“வேலை செய்யுதே.”

“செய்யுது. நெஜமான காய்ச்சல்ல எழும்புற செல் பெருகும். ஒரு பங்கு வேலைக்குப் போய்ச் சாகும். இன்னொரு பங்கு அடுத்த தடவைக்குன்னு திரும்பப் போய்ப் படுத்துக்கும். நம்ம சத்தத்துக்கு எழும்பினது அத்தனையும் வேலைக்கே ஓடியிருக்கு சார். முதல் ஊசியில பாதி தீர்ந்தது. ரெண்டாவதுல மீதியும் தீர்ந்தது. அவரோட எதிர்ப்பொருள் நம்ம பாட்டில்ல இருக்கு. அவரை நேத்துப் பிறந்த குழந்தை மாதிரி ஊருக்குள்ள விட்டிருக்கோம்.”

செங்குட்டுவன் சாப்பாட்டுப் பொட்டலத்தை மேசையோரம் தள்ளினார்.

“பேச்சித்தாய்க்கும் ரெண்டு ஊசி ஆயிருக்கு, இல்லையா?”

“ஆமா சார்.”

“மூணாவது வெள்ளிக்கிழமை.”

“சார்.”

“உப்புக் கிடங்குல காய்ச்சல்காரங்க நூத்துக்கணக்குல படுத்திருக்காங்க ஜெசிந்தா. பாட்டில் முடிஞ்சுட்டே வருது.”

“அவங்ககிட்ட இதைச் சொல்லணும்.”

“சொன்னா வரமாட்டாங்க.”

“வரலைன்னா வரலை சார்.”

“அதை உப்புக் கிடங்கு வாசல்ல நின்னு சொல்லு,” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “என்கிட்ட சொல்றது சுலபம்.”

அவர் சொன்னது அவளைத் தைத்தது. தைத்ததாலேயே அவள் நிற்காமல் கிளம்பினாள்.

துறைமுகத்தில் கிரேன்கள் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்றன. காய்ச்சல் பயத்தில் பாதிக் கப்பல்கள் வெளியிலேயே நங்கூரம் போட்டிருந்தன. மின்தூக்கி பழுது என்று ஏணியில் ஏறி, மூச்சு வாங்க ஜெசிந்தா கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை நீட்டியபோது பேச்சித்தாய் உட்காரவில்லை. இருக்கையை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே விசைகளை இயக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதைக் கடந்த, நெடுநெடுவென்ற பெண். நீலச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள்.

“இம்புட்டு உயரம் ஏறி வரணுமா டாக்டரம்மா? சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பனே.”

“உடம்பு எப்படி இருக்குக்கா?”

“உடம்புக்கு என்ன? இருப்புதான் இல்ல. அந்த ஊசி போட்டதுலேருந்து ஒரு எடத்துல உக்கார முடியல. உள்ள யாரோ பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு. என்னன்னு திரும்பினா ஆளு இல்ல. வேல முடிஞ்சாலும் வீட்டுக்குப் போக மனசு வரமாட்டேங்கு. நடக்கேன். கால் போற பக்கம் நடந்துக்கிட்டே இருக்கேன்.”

ஜெசிந்தா எதையும் மறைக்காமல் சொன்னாள். லூர்துசாமியின் ரத்தத்தில் பார்த்ததைச் சொன்னாள். அதே நிலைமையில்தான் பேச்சித்தாயும் இருக்க வேண்டும் என்றாள். கன்டெய்னர் ஒன்று கம்பியில் அந்தரத்தில் நின்றது. பேச்சித்தாய் அதைப் பதமாக லாரிமேல் இறக்கி வைத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“லூர்து அண்ணன் வீட்டுல சொல்லிட்டியளா, இதனாலதான்னு?”

“இன்னும் இல்லக்கா.”

“சொல்லிருங்க. அந்த மதினி, சாமி குத்தமோன்னு அழுதுகிட்டு இருக்கா.”

“நீங்க ஊரை விட்டுக் கொஞ்ச நாள் போயிருங்க. தடுப்பூசி வர்ற வரைக்கும் எங்கயாவது ஒதுங்கி இருங்க. வெள்ளிக்கிழமை வரவேண்டாம்.”

“ஒரு தடவ ஊர விட்டுப் போனவதான நான். போன எடத்துலல்லாம் சங்குமேடான்னு கேட்டுட்டு ரெண்டடி தள்ளித்தான் நின்னாவ.” அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கடல் பக்கம் பார்த்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு இடது கையை நீட்டினாள். “இந்தாங்க. எதுக்கும் கொஞ்சம் எடுத்துப் பாத்திருங்க. இல்லன்னா இல்லன்னு தெரியட்டும்.”

அங்கிருந்து ஜெசிந்தா லூர்துசாமியின் வீட்டுக்குத்தான் போனாள். அவருடைய மனைவி வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும், “அவரு ரத்தம் ஏத்துனவங்க உசுரோட இருக்காங்களா?” என்றாள். இருக்கிறார்கள் என்றாள் ஜெசிந்தா. “அப்ப அவங்கள்ல ஒருத்தரையாவது இங்க வரச் சொல்லுங்க, பாக்கணும்,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனாள். கதவு திறந்தபடியே இருந்தது. ஜெசிந்தாவுக்கு அதன் வழியாக உள்ளே போகவும் முடியவில்லை, அதைச் சாத்திவிட்டுத் திரும்பவும் முடியவில்லை.

மறுநாள் பேச்சித்தாயின் ரத்தத்தை இயந்திரத்தில் வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள். முடிவு வந்தது. வெறுமையை எதிர்பார்த்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. செல்கள் இருந்தன. இருந்தது மட்டுமல்ல, முதல் ஊசிக்கு முன் இருந்ததைவிட அதிகமாக இருந்தன. குழாய் மாறிவிட்டதோ என்று பெயரைச் சரிபார்த்தாள். மாறவில்லை.

செங்குட்டுவனின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு உயிர் வந்தது. “பார்த்தியா? ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. இவங்களுக்குத் தீராது. வெள்ளிக்கிழமை போடலாம்.”

“தானா நிறையாது சார். எழும்பினது தானா திரும்பப் படுக்காது. இதுல என்னமோ இருக்கு.”

அன்றைக்கே துறைமுகத்துக்குப் போய் விசாரித்தாள். பேச்சித்தாயின் வேலைநேரம் முடிந்துவிட்டிருந்தது. வாயிற்காவலர், “அவுங்களா? தூக்குவாளிய எடுத்துக்கிட்டு உப்புக் கிடங்குப் பக்கமில்லா போவாங்க, தெனமும்,” என்றார்.

நகரத்துக்கு வெளியே இருந்த பழைய உப்புக் கிடங்கைத்தான் காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாடி பார்க்கவும் மருந்து ஏற்றவும் கட்டில்தோறும் ஓர் இயந்திரக் கை. சாப்பாடு தண்டவாளத்தில் ஓடும் தட்டுவண்டியில் தானாகப் போய்ச் சேரும். கவச உடை போட்ட ஊழியர்கள் காலையில் ஒரு முறை உள்ளே வந்து போவார்கள்; மற்ற நேரத்தில் பயத்தில் வாசல் காவலுக்குக்கூட ஆள் நிற்பதில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தலையைத் தூக்க முடியாதவன் பக்கத்தில் வந்து நின்ற சாப்பாட்டை எப்படி எடுத்துத் தின்பான் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

கவச உடைக்குள் வியர்த்து வழிய ஜெசிந்தா கட்டில் வரிசைகளுக்கு நடுவே போனாள். கடைசி வரிசையில் பேச்சித்தாய் இருந்தாள். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதுதான் முதலில் கண்ணில் பட்டது. முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், காய்ச்சல் விட்டும் எழ முடியாத ஒரு கிழவரின் தலையை முழங்கையில் தாங்கிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் குடித்து முடித்துக் கண்ணை மூடும்வரை ஜெசிந்தா காத்து நின்றாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா போகாதேம்பிய.” பேச்சித்தாய் கரண்டியைக் கழுவினாள். “ரெண்டாவது ஊசி போட்ட மறுநாள்லேருந்து வாரேன்.”

அங்கேயே, கட்டில்களுக்கு நடுவில் நின்றபடியே ஜெசிந்தாவுக்கு எல்லாம் விளங்கியது. “நீங்க மொதல்ல இங்க வந்தப்போ ஊசியால வந்த எதிர்ப்பொருள் உங்க ரத்தத்துல இருந்திருக்கு. அதான் காய்ச்சல் உங்களை ஒண்ணும் செய்யல. ஆனா உள்ள மிச்சம் சொச்சம் இருந்த செல்லு அதைப் பார்த்திருக்கு. இந்தத் தடவை சும்மா சத்தத்தைக் கேட்டு எழும்பல. எதிரியை நேர்ல பார்த்து எழும்பியிருக்கு. அதான் பெருகி, ஒரு பங்கு திரும்பப் போய்ப் படுத்திருக்கு. லூர்துசாமி அண்ணன், அந்த எதிர்ப்பொருள் எல்லாம் வத்தின பிறகுதான் காய்ச்சலைப் பார்த்திருக்காரு.”

பேச்சித்தாய் கிழவரைப் பார்த்தாள். “அப்ப இந்தாளு எனக்கு மருந்தா?”

“ஒரு வகையில அப்படித்தான். உங்க சொந்தக்காரரா?”

“பேரு ராஜாமணி. எங்க மேட்டுக்குப் போக ஒரே பாதை. அந்தப் பாதைய முள்ளும் டிரம்முமா போட்டு அடைச்சது இவருதான். அந்தப் பக்கத்துத் தெருச் சங்கத்துக்கு அப்ப இவரு தலைவரு. தண்ணி லாரிய உள்ள விடல. எங்க ஐயா, என்னப் பெத்தவரு, காய்ச்சல்ல சாகல டாக்டரம்மா. காய்ச்சல் விட்டுப்போச்சு. தாகத்துல செத்தாவ.”

ஜெசிந்தா குனிந்து கிழவரின் முகத்தைப் பார்த்தாள்.

“நடந்து போய்க்கிட்டிருந்தப்போ இவர ஆம்புலன்ஸ்ல ஏத்துனத பாத்தேன். எப்படிக் கெடக்காருன்னு பாக்கணும்போல இருந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன், வேற எதுக்கும் இல்ல. நான் நர்சுன்னு நெனச்சு, சிஸ்டர் தண்ணின்னாரு.”

“குடுத்தீங்களா?”

“அன்னைக்குக் குடுக்கல.” பேச்சித்தாய் தூக்குவாளியை மூடினாள். “வீட்டுக்குப் போனேன். மறுநா வந்து குடுத்தேன். போன வாரம் எந்த ஊருன்னு கேட்டாரு. சங்குமேடுன்னேன். டக்குனு வாய மூடிக்கிட்டாரு. நானும் கரண்டிய எடுக்கல. கொஞ்சம் பொறுத்து மெல்லத் தொறந்தாரு. பசிக்குமில்லா.”

அடுத்த நாள் செங்குட்டுவன் இதைக் கேட்டுவிட்டு அறைக்குள் மேலும் கீழும் நடக்கத் தொடங்கினார். இப்போது அவருக்கும் உட்கார முடியவில்லை. “அப்போ வழி கிடைச்சாச்சு. எழுப்பியைப் போடுவோம், பிளாஸ்மா எடுப்போம். எதிர்ப்பொருள் வத்துறதுக்குள்ள கிடங்குல கொஞ்ச நாள் வேலைக்கு அனுப்புவோம். மறுபடி நிறைஞ்சிரும். மறுபடி போடுவோம். ஒரு ஆளை வச்சே மழைக்காலம்வரை ஓட்டிடலாம்.”

“அவங்க தானா போனாங்க சார். நாம அனுப்பினா அது வேற.”

“செல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

அவர் நின்றார். கோபப்படவில்லை. “சரி. வேற வழி சொல்லு. யார் ரத்தத்தைக் கொண்டு வருவே?”

ஜெசிந்தாவிடம் வழி இருந்தது. அந்த வாரத்தில்தான் கிடங்கிலிருந்து முதல் நோயாளிகள் தேறி வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ராஜாமணியையும் மறுநாள் அனுப்புவதாக இருந்தது. காய்ச்சலை முழுதாகப் பார்த்து மீண்டவர்களின் ரத்தம் எதிர்ப்பொருளால் நிறைந்திருக்கும். அவர்களுக்கு எழுப்பியே வேண்டாம். பிளாஸ்மாவை மட்டும் எடுத்தால் போதும். எடுத்தாலும் உள்ளே தூங்கப் போன செல்களுக்குச் சேதமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் கிடைத்தால் பேச்சித்தாயை விட்டுவிடுவதாகச் செங்குட்டுவன் ஒப்புக்கொண்டார்.

வீடு வீடாகப் போனாள். சிலர் இன்னும் எழுந்து நடக்கவே இல்லை. ஒரு வீட்டில் ஆளில்லை என்றார்கள், உள்ளே இருமல் கேட்டது. ராஜாமணியின் வீட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கே கம்பிக் கிராதிக் கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் சாய்நாற்காலியில் அவர் இருந்தார். கன்னம் ஒட்டியிருந்தாலும் முகத்தில் தெளிவு வந்திருந்தது. மகன் சாவியோடு வந்தவன் அவளைப் பார்த்ததும் திறக்காமல் நின்றுகொண்டான்.

அவள் விளக்கினாள். ஒரு மணி நேர வேலைதான், உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை என்றாள்.

“முடியாதும்மா,” என்றார் ராஜாமணி. “இப்பத்தான் எழும்பியிருக்கேன்.”

“உங்களுக்கு ஏத்தினதும் இன்னொருத்தரோட ரத்தத்துல இருந்து எடுத்ததுதான் ஐயா.”

“அவருக்கு நன்றி சொன்னதா சொல்லிருங்க,” என்றான் மகன்.

“கிடங்குல ஒருத்தவங்க உங்களுக்குக் கஞ்சி ஊத்துனாங்க. நீங்க குடுக்கலைன்னா அவங்ககிட்ட இருந்துதான் மறுபடியும் எடுக்கணும். அவங்க உசுருக்கே ஆபத்து வரலாம்.”

கிழவர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் சாம்பல் நிறம் மிச்சமிருந்தது. “அந்தப் பொம்பள நல்லாப் பாத்துக்கிட்டா,” என்றார். “அவளுக்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க. செஞ்சு குடுத்துரலாம்.”

மகன் கிராதிக்குப் பின்னாலிருந்த மரக்கதவைச் சாத்தினான். மரியாதையாகத்தான் சாத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை, ஊசி போட மாட்டேன், வேறு யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று செங்குட்டுவனிடம் சொல்லிவிடுவதென்ற முடிவோடு ஜெசிந்தா ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். பேச்சித்தாய் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தாள்.

“வரவேண்டாம்னுதானேக்கா சொன்னேன்.”

“பெரிய டாக்டர் போன் போட்டாரு. எல்லாத்தையும் மறைக்காமத்தான் சொன்னாரு, அவரையும் குத்தம் சொல்லாதிய. ஊசிய போட்டுக்கிடுதேன். ஆனா கிடங்குக்குப் போகச் சொல்லாதிய, சொன்னா போகமாட்டேன்னு சொல்லிட்டேன். போறதும் போகாததும் என் பாடு.”

“இந்தத் தடவை என்ன ஆகும்னு எனக்கே நிச்சயமா தெரியாது.”

“போன ரெண்டு தடவ மட்டும் தெரியுமாக்கும்.”

ஜெசிந்தா பஞ்சை எடுத்தாள். வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். வேறு யார் கையாலோ போடப்படுவதைவிட, தன் கையாலேயே போடுவது மேல் என்று தோன்றியது. கடைசியில் அது மருத்துவமா, கோழைத்தனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்து இறங்கி முடியும்வரை பேச்சித்தாய் முகத்தைத் திருப்பவில்லை.

“ராஜாமணி வரமாட்டேன்னுட்டாராக்கும்,” என்றாள்.

“யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? கஞ்சிய ஊட்டும்போதே தெரியும் எனக்கு.”

ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. “தெரிஞ்சும் எதுக்குக்கா அந்த ஆளுக்கு ஊட்டுனீங்க?”

பேச்சித்தாய் பஞ்சைத் தானே வாங்கிக் கையில் அழுத்திக்கொண்டாள். புரியாத கேள்வியைக் கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல ஜெசிந்தாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

“அவரு வருவாருன்னா ஊட்டுனேன்?”